நரம்புக் கடத்தல் அறிக்கையில் ‘கலப்பு வகைப் பாதிப்பு’: எப்படிப் படிப்பது, அடுத்து என்ன செய்வது?

வெள்ளைத்தாள்:

வணக்கம். பெயரும் அடையாளமும் நீக்கிய ஓர் அறிக்கையை வைத்துக் கேட்கிறேன்.

ஆண், வயது 58. 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் நாளுக்கு 2000 மி.கி. கடந்த 8 மாதமாக இரண்டு உள்ளங்காலிலும் எரிச்சல், இரவில் அதிகம். நடந்தால் பஞ்சு மேல் கால் வைப்பது போல இருக்கிறது. கைகளில் ஒன்றும் இல்லை. கணுக்கால் அனிச்சை (தசைநாரைத் தட்டினால் பாதம் துள்ளுவது) இரு பக்கமும் வரவில்லை.

இரத்தப் பரிசோதனை: எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.4%, பி12 238 பிகோகிராம்/மி.லி., கிரியேட்டினின் (சிறுநீரக அளவீடு) 1.1, தைராய்டு சரி, ஹீமோகுளோபின் 13.6.

நரம்புக் கடத்தல் சோதனை: சுரல் (கெண்டைக்கால் பக்கத்து உணர்வு நரம்பு) உணர்வு அலை வலது 3.0, இடது 3.4 மைக்ரோவோல்ட், வேகம் இரண்டிலும் 37 மீ/வி. பெரோனியல் (காலின் இயக்க நரம்பு) தசை அலை 2.1 மில்லிவோல்ட், வேகம் 38. டிபியல் (காலின் இன்னொரு இயக்க நரம்பு) 4.6 மில்லிவோல்ட், வேகம் 39. கைகளில் மீடியன், அல்நார் நரம்புகள் இரண்டும் இயல்பு. பாதத்தின் தோல் வெப்பம் 28.5 டிகிரி செல்சியஸ் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள்.

முடிவுரை: “ஆக்ஸான் சிதைவும் மயலின் சிதைவும் கலந்த, உணர்வு மற்றும் இயக்க நரம்புகளின் பாதிப்பு.”

(ஆக்ஸான் என்பது நரம்பின் உள் இழை, மயலின் அதன் மேலுறை.) மூன்று சந்தேகங்கள். மயலின் சிதைவு என்று எழுதியிருப்பதால் இது சிஐடிபி (உடலின் எதிர்ப்பு சக்தியே மயலினைத் தாக்கும் நாள்பட்ட நரம்பு அழற்சி) ஆக இருக்கலாம், ஸ்டீராய்டு தொடங்கலாம் என்று ஒரு பேச்சு வந்திருக்கிறது, சரியா? சர்க்கரை இருக்கிறதே, காரணம் அதுதான் என்று முடித்துவிடலாமா? எரிச்சல் என்றாலே எல்லாருக்கும் எழுதும் ‘நரம்பு மாத்திரை’ இவருக்குப் போதுமா? அவர் ஏற்கெனவே அப்படி ஒரு மாத்திரை நாளுக்கு இரண்டு போட்டுக்கொண்டிருக்கிறார்.

---

சுரல்:

அந்த அறிக்கையிலேயே முக்கியமான எண் ஓரத்தில் இருக்கும் 28.5 தான். மற்ற எண்களையெல்லாம் அதற்குப் பிறகுதான் படிக்க வேண்டும்.

பாதத்தின் தோல் வெப்பம் குறைந்தது 32 டிகிரி இருக்கும்போதுதான் கடத்தல் வேகத்தை அளக்க வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் வேகம் ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மீ/வி வரை குறையும். இங்கே மூன்றரை டிகிரி குறைவு. அதைக் கூட்டிப் பார்த்தால் சுரலின் 37 என்பது 42க்கு மேல் போய்விடும். பெரோனியலின் 38, டிபியலின் 39 இரண்டும் இயல்புக்குள் வந்துவிடும். ஆக, மயலின் சிதைவு என்று எழுதியதன் பெரும்பகுதி குளிர்ந்த காலின் வேலை.

குளிரையே கணக்கில் எடுக்காவிட்டாலும் அந்த முடிவு நிற்காது. ஆக்ஸான்கள் உதிரும்போது வேகமாகக் கடத்தும் தடித்த இழைகளும் சேர்ந்தே போகும். அதனால் ஆக்ஸான் நோயிலும் வேகம் கொஞ்சம் இறங்கும். மயலின் நோய் என்று சொல்ல வேண்டுமானால் இறக்கம் பெரிதாக இருக்க வேண்டும். சிஐடிபிக்கான 2021 ஐரோப்பிய வழிகாட்டி கேட்பது, குறைந்தது இரண்டு இயக்க நரம்புகளில் இயல்பின் கீழ்வரம்பைவிட 30% குறைவு. காலில் கீழ்வரம்பு 40 என்று வைத்துக்கொண்டால் 28க்குக் கீழே. 38ஐ வைத்து மயலின் என்று எழுதுவது, 99 டிகிரியைப் பார்த்துக் கடுங்காய்ச்சல் என்று எழுதுவது மாதிரி.

இனி அலையின் உயரம். குளிர் வேகத்தைக் குறைக்கும், ஆனால் உணர்வு அலையின் உயரத்தைக் கூட்டும். இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். சுரலுக்குப் பெரும்பாலான ஆய்வகங்களில் கீழ்வரம்பு 6 மைக்ரோவோல்ட் வாக்கில் இருக்கும். குளிர்ந்த காலிலேயே 3 என்றால், சூடுபடுத்தினால் இன்னும் குறையலாமே தவிர ஏறாது. எனவே உணர்வு ஆக்ஸான் இழப்பு உண்மை. தசை அலைகள் 2.1, 4.6 இரண்டும் வரம்பை ஒட்டி, ஆனால் உள்ளே. ‘உணர்வு மற்றும் இயக்கம்’ என்று எழுதியதும் கொஞ்சம் தாராளம்தான்.

நான் படிப்பது இப்படி: நீளத்தைச் சார்ந்த, உணர்வு நரம்பு மேலோங்கிய, ஆக்ஸான் வகைப் பாதிப்பு. உடலிலேயே நீளமான இழை கால்விரல் நுனிக்குப் போவதால் அங்கே தொடங்கி மேலே ஏறும். முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனியிலும் தொடங்கும். இவருக்குக் கை இன்னும் தப்பியிருப்பது இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது.

ஸ்டீராய்டு பேச்சை இப்போதே நிறுத்துங்கள். சிஐடிபி வேறு மாதிரி வரும்: 8 வாரத்துக்கு மேல் கூடிக்கொண்டே போகும் பலவீனம், நுனித் தசையோடு தொடை, தோள் தசைகளும் சேர்ந்து, அனிச்சை எங்கும் இராது. இந்த நோயாளியின் குறை எரிச்சல். இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்தில் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தால் அதில் புரதம் கூடுதலாக வரலாம். சர்க்கரை நோய் மட்டுமே அந்தப் புரதத்தை உயர்த்தும். அதைப் பார்த்து ‘சிஐடிபி உறுதி’ என்று எழுதி, சர்க்கரைக்காரருக்கு மாதக்கணக்கில் பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) கொடுத்தால் எச்பிஏ1சி 7.4ல் நிற்குமா?

---

128ஹெர்ட்ஸ்:

மேலே ‘சுரல்’ என்ற பெயரில் எழுதியவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘நரம்புப் பாதிப்பு’ என்பது நோயின் பெயர் அல்ல, நோய் விட்ட தடம். உலக அளவில் முதல் காரணம் சர்க்கரைதான் என்பதில் சந்தேகமில்லை. அதற்காகச் சர்க்கரைக்காரருக்கு வேறு காரணம் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

இந்த அறிக்கையில் என்னை நிறுத்தியவை இரண்டு: பி12 238, அந்த நரம்பு மாத்திரை.

மெட்ஃபார்மின் பல ஆண்டு எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அளவும் ஆண்டுகளும் கூடக் கூட அந்த அபாயமும் கூடும். 200க்குக் கீழே என்றால் குறைபாடு என்று நேராகச் சொல்லலாம். 200 முதல் 400 வரை சாம்பல் நிறப் பகுதி. அங்கே மெத்தில்மலோனிக் அமிலம் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் திசுவுக்குள் பி12 போதவில்லை. சிறுநீரகம் பழுதென்றால் அதுவே கூடி ஏமாற்றும். இவருக்கு கிரியேட்டினின் 1.1 என்பதால் பெரிதாகக் குழப்பாது. வேறொரு குழப்பம் உண்டு. அந்த மாத்திரையில் பி12 இருந்தால், இரத்தத்தில் தெரியும் 238 மாத்திரையால் தூக்கி நிறுத்தப்பட்ட எண்ணாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 13.6 என்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பி12 குறைவு இரத்தச் சோகை இல்லாமலே நரம்பைக் கெடுக்கும், அதுவும் கூடவே ஃபோலிக் அமிலம் எடுப்பவர்களிடம்.

பி12 விஷயத்தில் புறநரம்போடு தண்டுவடத்தின் பின்பகுதியும் சேர்ந்து கெடலாம். எனவே முழங்கால் அனிச்சை துள்ளலாக இருக்கிறதா, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழுகிறதா, கண் மூடி நின்றால் சாய்கிறாரா என்று பார்க்க வேண்டும். கணுக்கால் அனிச்சை இல்லாமல் பெருவிரல் மட்டும் மேலே எழுந்தால், சர்க்கரையை விட்டுவிட்டு பி12 பக்கம் திரும்புங்கள். கையும் காலும் ஒரே சமயத்தில் மரத்தாலும் அப்படித்தான்.

படுக்கையருகே செய்யும் சோதனைகளில் நடக்கும் தவறுகளையும் சொல்ல வேண்டும்.

10 கிராம் மோனோஃபிலமென்ட் (பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் நைலான் இழை): பெருவிரல், முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் அடிமேடு. காய்ப்பு மேல் வைக்கக் கூடாது, பக்கத்தில் வைக்க வேண்டும். இழை வளையும் அளவுக்கு அழுத்தி ஒரு நொடி வைத்து எடுங்கள். முதலில் நெற்றியிலோ கையிலோ தொட்டுக் காட்டினால்தான் எதைக் கேட்கிறோம் என்று அவருக்குப் புரியும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, ஒழுங்கில்லாத இடைவெளியில் தொட வேண்டும். “இப்போ தெரியுதா? இப்போ?” என்று தாளம் போட்டுக் கேட்டால் மரத்த காலும் ‘தெரியுது’ என்றுதான் சொல்லும். ஒரே இழையால் பத்துப் பேரைப் பார்த்துவிட்டால் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் இழை தளர்ந்து 10 கிராமுக்குக் குறைவாகவே அழுத்தும். இந்தச் சோதனை சொல்வது பாதுகாப்பு உணர்வு போய்விட்டதா என்பதை மட்டும். அது சரியாக இருந்தால் நரம்பு சரி என்று பொருளில்லை.

தொடக்கத்திலேயே குறைவது அதிர்வு உணர்வு. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் நகத்துக்குக் கீழுள்ள மூட்டெலும்பின் மேல் வையுங்கள். ‘தெரிகிறதா’ என்பதைவிட ‘எப்போது நிற்கிறது’ என்று கேட்பதுதான் பயன். அவர் நின்றுவிட்டது என்று சொன்ன பின்னும் உங்கள் கட்டைவிரலில் பத்து நொடிக்கு மேல் அதிர்ந்தால் குறைவு.

குத்தல், சூடு, குளிர் ஆகியவை மெல்லிய இழைகளின் வேலை. அதிர்வும் நிலையுணர்வும் தடித்த இழைகளின் வேலை. நரம்புக் கடத்தல் சோதனைக்குத் தடித்தவை மட்டுமே தெரியும். எரிச்சல் தாங்கவில்லை, அறிக்கை சுத்தம் என்றால் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று அனுப்பிவிடக் கூடாது. கணுக்காலின் வெளிமுட்டுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. தோல் துணுக்கு எடுத்து மேல்தோலில் நரம்பிழைகளை எண்ணுவார்கள். தையல் வேண்டாம். அந்தத் துணுக்கை வழக்கமான ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் சோதனை வீண். இதற்கென்று வேறு திரவம் உண்டு. ஆய்வகத்திடம் அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவருக்கு மிச்சமிருக்கும் பரிசோதனை: மெத்தில்மலோனிக் அமிலம், பி6 அளவு, இரத்தப் புரதத்துக்கு எலக்ட்ரோஃபோரெசிஸ் (புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை), கூடவே இம்யூனோஃபிக்சேஷன் (அதைவிட நுட்பமானது). கடைசி இரண்டையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், ஐம்பதைத் தாண்டியவரிடம் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஒற்றை வகைப் புரதம் நரம்பைக் கெடுக்கலாம்; சிறிய அளவில் இருந்தால் எலக்ட்ரோஃபோரெசிஸ் மட்டும் அதைத் தவறவிடும். படுக்கையில் ஐந்து நிமிடம் கிடத்தி ஒரு முறையும், நின்ற 1 மற்றும் 3 நிமிடத்தில் மறுபடியும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் தன்னியக்க நரம்பும் சேர்ந்திருக்கிறது. அதோடு எடை குறைவு, இரு கையிலும் முன்பு கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது), இதயத் தசை தடித்திருப்பது என்று சேர்ந்தால் அமிலாய்டை (உறுப்புகளில் படியும் கெட்ட புரதத்தை) தேடுங்கள். பரம்பரை டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டுக்கு 2018 முதல் மரபணுவை அடக்கும் ஊசி மருந்து இருக்கிறது. தாமதமாகக் கண்டுபிடித்தால் இழந்த நரம்பு திரும்பாது.

மது எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதும் அறிக்கையில் இல்லை. கேளுங்கள்.

---

வெள்ளைத்தாள்:

மிக்க நன்றி. மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் பி1 100 மி.கி., பி6 100 மி.கி., பி12 500 மைக்ரோகிராம். நாளுக்கு இரண்டு, ஒன்றேகால் ஆண்டாக. பி6 அதிகமானாலும் பிரச்சினையா? நீரில் கரையும் விட்டமின் சிறுநீரில் போய்விடும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

---

மருந்துப்பெட்டி:

அந்த ‘எல்லாரும்’ பி6ஐக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு நாளைக்குத் தேவை 2 மி.கி.கூட இல்லை. இவர் எடுப்பது 200. பி6 அதிகமானால் முதுகெலும்பை ஒட்டிய உணர்வு நரம்புச் செல்களையே தாக்கும். அறிகுறி மரப்பும் எரிச்சலும், அதாவது எதற்காக மாத்திரை போட்டாரோ அதே. கூடிவிட்டது என்று இன்னொரு மாத்திரையும் சேர்ப்பார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் பெரியவர்களுக்கான மேல்வரம்பை 25லிருந்து 12 மி.கி.யாக இறக்கியது. அமெரிக்க வரம்பு 100. எதை வைத்துப் பார்த்தாலும் இவர் வெளியே.

இவருக்கு எரிச்சல் 8 மாதம், மாத்திரை 15 மாதம். அப்படியானால் மாத்திரை முதலில் வேறு எதற்காகவோ தொடங்கியிருக்கிறது. இந்த வரிசையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நோயறிதலுக்கு உதவும்.

செய்ய வேண்டியது: பி6 அளவுக்கு இரத்தம் எடுத்த பின் அந்தக் கூட்டு மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் சில வாரம் அறிகுறி கூடலாம். அதைப் பார்த்து ‘மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது’ என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பி6 கொடுத்தே ஆக வேண்டிய இடமும் உண்டு: காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர். அங்கே நாளுக்கு 10 முதல் 50 மி.கி. வரை கொடுத்தால்தான் நரம்பு தப்பும். ஒரே விட்டமின், ஓரிடத்தில் காவல், இன்னோரிடத்தில் களவு.

பி12 தனியாகக் கொடுங்கள். நரம்பு அறிகுறி இருப்பதால் ஊசி நல்லது: 1000 மைக்ரோகிராம் தசையில், ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு வாரம் ஒன்று ஒரு மாதம், பிறகு மாதம் ஒன்று. இது பரவலாக உள்ள ஒரு முறை. முன்னேற்றம் தொடரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் முறையும் உண்டு. ஊசி வேண்டாம் என்பவருக்கு வாய்வழி நாளுக்கு 1000 முதல் 2000 மைக்ரோகிராம்; அந்த அளவில் சிறு பங்கு எப்படியும் உறிஞ்சப்பட்டுவிடும். பி12 வகைகளில் மெத்தில்கோபாலமின்தான் உசத்தி, சயனோகோபாலமின் மட்டம் என்ற பேச்சுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுப்பதுதான் ஆபத்து: இரத்தம் தேறிவிடும், நரம்பு தொடர்ந்து கெடும். மெத்தில்மலோனிக் அமிலத்துக்கு இரத்தம் எடுக்குமுன் ஊசி போட்டுவிட்டால் அது இறங்கிவிடும், பிறகு உண்மை தெரியாது. முதலில் இரத்தம், பிறகு ஊசி.

எரிச்சலுக்கு: வலி மருந்துகள் வலியை மட்டும் குறைக்கும். மரப்பைக் குறைக்காது, நரம்பை வளர்க்காது. இதைச் சொல்லாமல் கொடுத்தால் ஒரு மாதத்தில் ‘இந்த மருந்து பயனில்லை’ என்று வந்துவிடுவார்.

டுலோக்செட்டின் 30 மி.கி. ஒரு வாரம், உணவுக்குப் பின், பிறகு 60. 120க்குப் போனால் பெரும்பாலும் பக்கவிளைவுதான் கூடுகிறது. கல்லீரல் பழுது, சிறுநீரக வடிப்பு வேகம் (இஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழ் என்றால் வேண்டாம். திடீரென்று நிறுத்தக் கூடாது.

பிரெகாபலின் 75 மி.கி. இரு வேளை, வயதானவருக்கு இரவில் 25 முதல் 75 என்று தொடங்கலாம். கால் வீக்கம் வரும், பயோக்ளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையும் எடுப்பவருக்கு இன்னும் அதிகம். தலைச்சுற்றல், எடை கூடுதல் உண்டு. காபாபென்டின் என்றால் இரவு 300ல் தொடங்கி, மூன்றாகப் பிரித்து நாளுக்கு 1800 அல்லது மேலே. 300 மட்டும் ஆறு மாதம் எடுத்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் நிறைய. அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்றுப்புண் திரவத்துக்கும் காபாபென்டினுக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். இந்த இரண்டு மருந்தும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் வடிப்பு வேகம் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். ஓபியாய்டு (அபின் வகை வலி) மருந்துகளோடு சேர்ந்தால் மூச்சு மட்டுப்படும்.

அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி., வாரம் 10 வீதம் கூட்டி 50 முதல் 75 வரை. விலக்கு: கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), ப்ராஸ்டேட் அடைப்பு, இதய மின்தடங்கல். டுலோக்செட்டின் இதன் இரத்த அளவைக் கூட்டும், ஆகவே இரண்டையும் கண்மூடித்தனமாகச் சேர்க்கக் கூடாது.

எதைத் தொடங்குவது என்று அடித்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த மூன்று வகையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆப்ஷன்-டிஎம் ஆய்வில் (2022) வலி நிவாரணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒன்று போதாதவருக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. எனவே பக்கவிளைவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தாங்கும் முழு அளவில் 4 முதல் 6 வாரம் பார்த்த பிறகே மாற்றுங்கள். வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு 8% காப்சைசின் பட்டை உண்டு. பாதத்தில் 30 நிமிடம், 3 மாதத்துக்கு ஒரு முறை, பயிற்சி பெற்றவர் கையுறையோடு ஒட்ட வேண்டும். ஒட்டும்போது மிளகாய் எரிச்சல்தான், முன்பே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை பற்றி ஒரு வரி. அவசரப்பட்டு இறக்க வேண்டாம். எச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் சரிந்தால், அந்தச் சரிவே கடும் எரிச்சல் வகை நரம்புப் பாதிப்பைக் கிளப்பும். 7.4ல் இருப்பவருக்கு அந்த அபாயம் குறைவு. 12ல் இருப்பவருக்கு இன்சுலின் தொடங்கும்போது நினைவில் வையுங்கள்.

---

பாதக்காவல்:

எரிச்சல் உள்ள காலைவிட எனக்குப் பயம் தருவது எரிச்சல் நின்ற கால். எட்டு மாத எரிச்சல் தானாகக் குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: நரம்பு தேறியது, அல்லது வலியைச் சொல்ல நரம்பே மிச்சமில்லை. மோனோஃபிலமென்ட் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பாதுகாப்பு உணர்வு போனவருக்குத் தினமும் உள்ளங்கால், விரல் இடுக்கு பார்த்தாக வேண்டும், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்து. செருப்பு போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும். தண்ணீர்ச் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். காலாணிக்கு அமிலப் பட்டை ஒட்டவே கூடாது.

ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது, வலி அதிகமில்லை, புண்ணும் இல்லை என்றால் முதலில் சார்கோ பாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கும். மற்ற காலைவிட 2 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக், யூரிக் அமிலம் என்று இன்னொரு மாத்திரை, இதற்கிடையே அவர் நடந்துகொண்டே இருப்பார். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாக வரலாம், அதை நம்பி நடக்க விடாதீர்கள். முழுத் தொடர்பு மாவுக்கட்டு போட்டு எடையை இறக்க வேண்டும். வெப்ப வேறுபாடு தீரும்வரை, பெரும்பாலும் மாதங்கள்.

---

நகக்கண்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் மெதுவாக வருவது. கண்ணாடி வெட்டி மணிக்கட்டில் நரம்பு அறுந்தால் எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? அதற்கும் இதே கடத்தல் சோதனைதானா?

---

சுரல்:

கூரான கருவியால் அறுந்து விரல் மரத்தால் காத்திருக்கவே கூடாது. மூன்று நாளுக்குள் திறந்து, முனைகளைச் சேர்த்து, நுண்ணோக்கியின் கீழ் தைப்பதே நல்லது. அங்கே சோதனைக்காகத் தாமதிப்பது தவறு. முதல் சில நாள்கள் அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி மின்தூண்டலுக்குப் பதில் சொல்லும். இயக்க நரம்பு ஐந்து நாள் வரைக்கும், உணர்வு நரம்பு பத்து நாள் வரைக்கும். மூன்றாம் நாள் மணிக்கட்டுக்குக் கீழே தூண்டிப் பார்த்து ‘நரம்பு நன்றாக இருக்கிறது’ என்று எழுதும் அறிக்கை இப்படித்தான் பிறக்கிறது. ஊசி இஎம்ஜியில் (தசையில் ஊசி வைத்து அதன் மின்செயலைப் பார்க்கும் சோதனை) நரம்பிழந்த தசையின் அடையாளம் தெரிய 2 முதல் 3 வாரம் ஆகும்.

நசுங்கிக் கிழிந்த காயமென்றால் முனைகளை அடையாளம் வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்து. தோல் மூடிய இழுவைக் காயமென்றால் மூன்று மாதம் பார்த்துவிட்டு. இந்த மூன்றுகளை மனத்தில் வையுங்கள். ஏன் அவசரம் என்றால் நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான் வளரும். தசையோ 12 முதல் 18 மாதத்துக்கு மேல் காத்திருக்காது. தோள் அருகே அறுந்தால் கைத்தசைக்குப் போய்ச் சேர 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வேறு ஒரு அவசரமும் உண்டு. நாள்கணக்கில் காலிலிருந்து ஏறும் பலவீனம், அனிச்சை மறைவு, பேச்சிலோ விழுங்குவதிலோ தடுமாற்றம்: இது கில்லன்–பாரே (உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் திடீரென்று தாக்கும் நோய்). மூச்சுக் கொள்ளளவு கிலோவுக்கு 20 மி.லி.க்குக் கீழ் இறங்கினால் செயற்கைச் சுவாசத்துக்குத் தயாராக வேண்டும். இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள், அல்லது பிளாஸ்மா மாற்றம். இதில் ஸ்டீராய்டு பயன் தராது. அதே மாதிரி, ஒரு நரம்பு இன்று, இன்னொன்று அடுத்த வாரம் என்று தனித்தனியாக வலியோடு விழுந்தால் இரத்தக்குழாய் அழற்சி. முழங்கையிலோ முழங்காலின் வெளிப்பக்கமோ நரம்பு கயிறு போலத் தடித்து, தோலில் உணர்வற்ற தேமல் இருந்தால் தொழுநோய். இவை இரண்டுக்கும் மருந்து உண்டு, தாமதத்துக்குத்தான் மருந்து இல்லை.

---

வெள்ளைத்தாள்:

சோதனையைத் திரும்ப எடுப்பதாக முடிவாகியிருக்கிறது. பாதத்தை எப்படிச் சூடாக்குவது? ஒத்தட விளக்கு போதுமா?

---

சுரல்:

விளக்கோ, சூட்டுப்பையோ வேண்டாம். உணர்வு குறைந்த கால், பொசுங்கினாலும் அவருக்குத் தெரியாது. வெப்பமானி வைத்து 38 முதல் 40 டிகிரித் தண்ணீர், கணுக்காலுக்கு மேல்வரை மூழ்க, 15 நிமிடம். துடைத்துவிட்டு உடனே அளக்காதீர்கள். தோல் சீக்கிரம் சூடாகும், உள்ளே நரம்பு பின்தங்கும். போர்வை சுற்றி ஐந்து நிமிடம் விட்டு, கணுக்கால் வெளிமுட்டின் பின்னே உணர்கருவியை ஒட்டி, 32க்கு மேல் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். சுரல், பெரோனியல், டிபியல் ஒவ்வொன்றையும் முடித்த பின் வெப்பத்தை மறுபடி குறியுங்கள்; குளிர்பதன அறையில் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். பாதத்தில் புண்ணோ கீறலோ இருந்தால் தண்ணீரில் வைக்காமல் அறையைச் சூடாக்கிப் போர்த்துங்கள்.

அலையைச் சராசரி எடுக்கும்போது 10 தடவைக்குக் குறையாமல் எடுங்கள். 3 மைக்ரோவோல்ட் அலை இரைச்சலில் எளிதாகத் தொலைந்துவிடும், பிறகு ‘அலையே இல்லை’ என்று இன்னொரு தவறான வரி சேரும்.

---

வெள்ளைத்தாள்:

குறித்துக்கொண்டேன். பி6, மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டுக்கும் நாளை இரத்தம், அதன் பிறகுதான் பி12 ஊசி. எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.